மருந்தடிக்காத கடைசி வரிசை

எங்கள் ஊரில் கொடி என்றாலே திராட்சைக்கொடிதான். வேறு கொடி வைத்திருக்கிறேன் என்றால் புடலையா, பாகலா என்று கேட்பார்கள். பூவுக்காக மட்டும் ஒரு கொடி, அதுவும் தலையில் வைக்க முடியாத பூ, மாதாவுக்கு மாலை கட்ட முடியாத பூ, காயும் கிடையாது, வாசனையும் கிடையாது என்று நான் சொன்னபோது என் வீட்டுக்காரர் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டார்.

"அப்பறம் எதுக்குத்தா அது?"

"பாக்குறதுக்கு."

"பாக்குறதுக்குத்தான் நான் இருக்கேன்ல?"

அதைத்தான் இருபது வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், கண்ணுக்குக் கொஞ்சம் ஓய்வு வேண்டாமா என்றேன். சிரித்தார். சிரித்தால் சம்மதம் என்று நானாக எடுத்துக்கொண்டேன். எனக்கு எப்போதுமே அந்த வசதி உண்டு.

கிளமேட்டிஸ் என்பது அதன் பெயர். கல்யாணத்துக்கு முன்பு கொடைக்கானலில் ஒரு மடத்தில் சிஸ்டர்களிடம் ஒரு வருஷம் தையல் படித்தேன். அங்கே சமையற்கட்டுச் சுவரில் ஒரு கொடி ஏறியிருக்கும். உள்ளங்கை அகலத்தில் ஊதாப் பூ, ஒவ்வொன்றும் ஆளை நேராகப் பார்ப்பது போல விரிந்திருக்கும். ஊருக்குக் கிளம்பும்போது ஒரு குச்சி கேட்டேன். "கீழ கொண்டு போனா பொழைக்காது, வேஸ்ட்டு" என்று ஒரு சிஸ்டர் சொல்லிவிட்டார். முடியாது என்று யாராவது சொல்லிவிட்டால் எனக்கு அதைச் செய்து பார்த்தே ஆகவேண்டும். வீம்புதான், வேறொன்றுமில்லை.

முதலில் போனில் ஆர்டர் போட்டேன். பெட்டி வந்தது. பிரித்தால் வெட்டிவேர் கட்டு மாதிரி காய்ந்த வேர். ஒரு மாதம் தண்ணீர் ஊற்றினேன், அது மனம் இரங்கவில்லை. அடுத்து விதை வாங்கினேன். அது முளைத்து, வளர்ந்து, கடைசியில் சங்குப்பூ பூத்தது. வேலிக்கு வேலி சும்மா கிடக்கிற சங்குப்பூவைத் தபாலில் வரவழைத்த பொம்பளை என்று என் வீட்டுக்காரர் டீக்கடை வரைக்கும் சொல்லிச் சிரித்தார். மூன்றாவது முறை நானே பஸ் ஏறி தேனிக்குப் போய், அல்லிநகரம் பக்கம் ஒரு நர்சரியில் தொட்டியோடு வாங்கினேன். மலையிலிருந்து இறங்கியது என்றார் நர்சரிக்காரர். இரண்டு மொட்டு இருந்தது. ஒரு இலைக்காம்பின் இடுக்கில் பஞ்சு போல வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. கட்டைவிரலால் துடைத்துவிட்டேன்.

தேவாரத்தில் பிறந்து காமயகவுண்டன்பட்டிக்கு வாக்கப்பட்டவள் நான். திராட்சையைச் சப்பிக் கெடுக்கிற மாவுப்பூச்சி எனக்குத் தெரியாதா? தெரியும். அன்றைக்கு ஆசை கண்ணை மறைத்துவிட்டது.

எங்கள் வீட்டுப் பின்சுவரை ஒட்டி ஒரு திராட்சைத் தோட்டம். உத்தமபாளையத்து ராவுத்தர் குடும்பத்து அண்ணனுடையது. அவரும் அவர் சம்சாரமும் தோட்டத்துக்குள்ளேயே வீடு கட்டி இருக்கிறார்கள். மகன் திருப்பூரில். நான் அவரை அண்ணே என்பேன், அவர் என்னைத் தங்கச்சி என்பார். அவர் சம்சாரம் எனக்கு அக்கா. ஜாக்கெட் தைக்கக் கொடுக்க வந்து பழகிய பழக்கம், பிறகு எந்த வேலையும் இல்லாமலே என் தையல் மிஷினுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்காரும் பழக்கமாகிவிட்டது. ஊர்ப்பேச்சு அத்தனையும் அங்கே வைத்துத்தான் நடக்கும்.

அந்தக் கொடிக்கு ஒரு குணம். தலை வெயிலில் இருக்கவேண்டும், வேர் நிழலில் குளிர்ந்து கிடக்கவேண்டும். எங்கள் வீட்டு முற்றத்தில் அப்படி ஒரு இடம் கிடையாது, வெயில் போட்டு வறுக்கும். அண்ணனிடம் சும்மா பேச்சுவாக்கில் சொன்னேன். மறுநாள் காலையில் சுவருக்கு அந்தப் பக்கம் சத்தம் கேட்டது. பந்தலின் கடைசிக் கல்தூணுக்கு அடியில் அவரே குழி தோண்டிக்கொண்டிருந்தார்.

"இங்கன வை தங்கச்சி. காலைல வெயிலு சுள்ளுனு விழும். பத்து மணிக்கு மேல பந்தல் நெழலு வந்துரும். கம்பி இழுத்து ஒன் செவத்துக்கு விட்டுர்றேன், பூவெல்லாம் ஒன் பக்கந்தான்."

பழைய ஓட்டுத்துண்டுகளை வேரைச் சுற்றி அடுக்கியதும் அவர்தான். மலைச் செடிக்கு ஓட்டுவீடு என்று அக்கா கேலி செய்தார். செடி பிழைத்துக்கொண்டது. கார்த்திகை பிறந்து இரவில் குளிர் இறங்கியதும் கிடுகிடுவென்று கம்பியைப் பிடித்து ஏறியது. தையில் மொட்டுகள் வந்தன. எண்ணிப் பார்க்கக்கூட பயமாக இருந்தது, கண் பட்டுவிடும் என்று.

அந்த நேரத்தில்தான் மருந்தடித்தார்கள். திராட்சைக்கு மருந்தடிப்பது இங்கே அன்றாடம் நடப்பது. மருந்து மிஷின் ஓடும், புகை மாதிரி பறக்கும், நாங்கள் ஜன்னலைச் சாத்திக்கொள்வோம், அவ்வளவுதான். ஆனால் அன்று காற்று எங்கள் பக்கம் வீசி, என் கொடியில் முகப்பில் இருந்த மொட்டெல்லாம் கருகிப் போயின. எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. சுவரில் ஏறி நின்று கத்தினேன்.

"ஏண்ணே, கண்ணு தெரியலயா? நீங்களே நட்டு வச்சுட்டு நீங்களே கருக்குவீகளா?"

வேறு யாராக இருந்தாலும், என் தோட்டத்துக்குள் உன் செடியை வைத்துக்கொண்டு எனக்கே சட்டம் சொல்கிறாயா என்று கேட்டிருப்பார்கள். அவர் தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "தப்புத்தான் தங்கச்சி. இனிமே இந்தக் கடைசி வரிசைக்கு மருந்தே அடிக்கல, விடு" என்றார். சொன்னபடியே விட்டார். அடுத்த முறை மிஷின் அந்த வரிசைக்கு முன்னாலேயே திரும்பிப் போவதை நான் ஜெயித்த மாதிரி பார்த்துக்கொண்டு நின்றேன்.

அந்த வெள்ளாமை அவருக்கு எப்படிப்பட்ட வெள்ளாமை என்று எனக்குத் தெரியாமல் இல்லை. அதற்கு முந்தைய இரண்டும் பழுக்கிற நேரத்தில் மழையடித்து வெடித்துப் போயிருந்தன. பந்தலைப் பிரித்துவிட்டுத் தென்னை வைத்துவிடுவோம் என்று மகன் போனில் நச்சரித்துக்கொண்டே இருந்தான். இந்த ஒரு வெள்ளாமை ரம்ஜான் நோன்புக்குச் சரியாக வரட்டும், வந்துவிட்டால் பந்தல் இருக்கும், இல்லாவிட்டால் உன் இஷ்டம் என்று அண்ணன் அவனிடம் வாக்குக் கொடுத்திருந்தார். நோன்பு மாதத்தில் பன்னீர் திராட்சைக்கு எப்போதும் கிராக்கி. அதற்காகவே நாள் பார்த்துக் கொடியை வெட்டிக் கவாத்து செய்திருந்தார். பந்தல் போனால் அவர் என்ன செய்வார் என்று அக்காவால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. "தென்னைக்கு என்ன வேல இருக்கு? இவுக எந்துருச்சு எங்க போவாக?" என்று என் மிஷின் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டிருக்கிறார்.

ஒருநாள் காலையில் மொட்டு எந்த மட்டில் இருக்கிறது என்று பார்க்கப் போனேன். எறும்பு. சாரைசாரையாகக் கொடியில் ஏறிக்கொண்டிருந்தது. எறும்பு சும்மா ஏறாது, பூச்சி விடுகிற தித்திப்புக்குத்தான் ஏறும். இலையைப் புரட்டினேன். ஒவ்வொரு கணுவிலும் வெள்ளை வெள்ளையாகப் பஞ்சு. நர்சரியில் கட்டைவிரலால் துடைத்தேனே, அதுதான், குடும்பம் பெருக்கி உட்கார்ந்திருந்தது. கொடியின் நுனி ஒன்று பந்தல் கம்பியில் போய்ச் சுற்றியிருந்தது. அந்த இடத்தில் திராட்சைத் தண்டிலும் இரண்டு மூன்று வெள்ளைப் புள்ளி.

அட சேசுவே என்று அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

அப்போது அண்ணன் தோட்டத்துக் காயெல்லாம் பச்சையாக, கல்லு மாதிரி இருந்தது. பச்சைக்காயாக இருக்கும்போது சொன்னால் மருந்தடித்துவிடலாம். நிறம் திரும்பிவிட்டால் அடிக்கக் கூடாது, அடித்த பழத்தை எவன் தின்பான்? இது எனக்கு நன்றாகத் தெரியும். எட்டி ஒரு குரல் கொடுத்தால் போதும், அண்ணன் பத்தடி தூரத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். சொன்னால் முதலில் என் கொடியை அடியோடு வெட்டிக் கொளுத்தச் சொல்வார். சொல்வது நியாயமும்கூட. மொட்டுகள் விரல் நீளம் வந்து, நுனியில் ஊதா தெரிய ஆரம்பித்திருந்தது.

ஒரு வாரம். பூ விரிந்து ஒரு வாரம் பார்த்துவிட்டுச் சொல்லிவிடுவோம் என்று நினைத்தேன். அதற்குள் என்ன ஆகிவிடப் போகிறது?

பழைய டூத் பிரஷ்ஷும் சோப்புத் தண்ணீரும் எடுத்துக்கொண்டு போய் யாரும் இல்லாத நேரத்தில் தேய்த்தேன். என் பக்கத்துக் கொடியைத் தேய்த்தேன். பந்தல் பக்கம் கை எட்டியவரைக்கும் தேய்த்தேன். அக்கா ஒருநாள் பார்த்துவிட்டார்.

"என்னத்தப் போட்டு இந்தத் தேய் தேய்க்கிற?"

"தூசிக்கா."

"பிள்ளைக்குப் பல்லு வெளக்கி விடுறவ மாதிரில்ல நிக்கிற" என்று சிரித்துக்கொண்டு போனார். நானும் சிரித்தேன். எப்படித்தான் சிரிப்பு வந்ததோ.

பூ விரிந்தது. பொய் சொல்வானேன், அப்படி ஒரு அழகு. மடத்துச் சுவரில் பார்த்ததைவிடப் பெரிசு. தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது. என் வீட்டுக்காரர்கூடக் கடைக்குப் போகும்முன் ஒருமுறை பின்பக்கம் போய் நின்றுவிட்டுத்தான் போனார். அண்ணன் வேலையெல்லாம் விட்டுவிட்டு வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தார். "சாதிச்சுட்டியே தங்கச்சி" என்றார். அவர் நின்ற இடத்துக்கு நேர் மேலேதான் பூச்சி ஏறிய அந்தக் கணு. நான் அவரைப் பேச்சுக் கொடுத்து இந்தப் பக்கம் திருப்பினேன். இதை எழுதும்போதே என் கை கூசுகிறது.

ஒரு வாரம் முடிந்தது. இன்னும் நான்கு மொட்டு இருந்தது.

இந்த வருஷம் எங்கள் தவக்காலமும் அவர்கள் நோன்பும் ஒன்றாக வந்தன. சாயங்காலமானால் அக்கா தூக்குவாளியில் நோன்புக் கஞ்சி கொடுத்தனுப்புவார். தினமும் வாங்கிக் குடித்தேன். கோயிலில் பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நின்றேன். கோபப்பட்டதைச் சொன்னேன், புறணி பேசியதைச் சொன்னேன், பூசைக்குப் போகாத ஞாயிறுகளைச் சொன்னேன். வேறு ஏதாவது உண்டா என்று சாமியார் கேட்டார். இல்லை சாமி என்றேன். மாவுப்பூச்சி எந்தக் கட்டளையில் வருகிறது என்று வெளியே வந்து எனக்கு நானே வக்கீல் வேலை பார்த்தேன். களவில் வரும். பொய்யில் வரும். தேடினால் எல்லாவற்றிலும் வரும்.

பழம் நிறம் திரும்பியது. அதன் பிறகு சொல்லி என்ன பயன், இனிமேல்தான் மருந்தடிக்க முடியாதே என்று புதிதாக ஒரு சமாதானம் கிடைத்தது. சொல்லாமல் இருக்க வேண்டும் என்று முடிவு செய்துவிட்டால் காரணத்துக்குப் பஞ்சமே இல்லை.

அண்ணன் அதைக் கண்டுபிடித்த அன்று நான் மிஷினில் உட்கார்ந்திருந்தேன். அவர் கடைசி வரிசைக்குள் நுழைவது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. கத்துவார், யாரையாவது திட்டுவார் என்று நினைத்தேன். ஒன்றுமில்லை. போய்ச் சுவர் வழியாக எட்டிப் பார்த்தேன். கடைசி வரிசையிலிருந்து நாலாவது ஐந்தாவது வரிசை வரைக்கும் குலைகளுக்குள் வெள்ளை அப்பியிருந்தது. பழத்தின் மேல் பிசுபிசுவென்று தேன் மாதிரி வடிந்து, அதன் மேல் கரி பூசியது போலக் கறுப்புப் படிந்திருந்தது. அவர் ஒரு குலையைக் கையில் ஏந்திக்கொண்டு நின்றார். கடைகளுக்குப் போகிற பழம் இல்லை அது. உள்ளே இருந்த வரிசைகளிலும் எறும்பு ஏறிக்கொண்டிருந்தது.

சொல்லிவிட வேண்டும் என்று அன்றைக்கு நிஜமாகவே முடிவெடுத்தேன். செருப்பைக்கூடப் போடாமல் சுற்றிக்கொண்டு தோட்டத்துக்குள் போனேன். "அண்ணே" என்றேன். அவர் திரும்பி என்னைப் பார்த்ததும் முகம் இன்னும் விழுந்துவிட்டது.

"ஒங்கிட்ட எப்பிடிச் சொல்றதுன்னுதான் நிக்கிறேன் தங்கச்சி. கோவிச்சுக்காத. ஒன் கொடியிலயும் ஏறிருச்சு."

எனக்குப் புரியவில்லை.

"இந்த வரிசைக்கு மருந்தடிக்காம விட்டேன்ல? அதுல வந்து அடஞ்சிருக்கு சனியன். நான் கவனிச்சிருக்கணும். தெனம் ஒரு நடை வந்து எலையப் பெரட்டிப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும். என் சோம்பேறித்தனம், ஒன் பூவையும் கெடுத்துட்டேன்."

இந்தப் பள்ளத்தாக்கில் திராட்சைக்காரர்களுக்கு ஒரு பழக்கம் ஊறிப்போயிருக்கிறது. மருந்து வாடையா, பூச்சியா, கிணற்றுத் தண்ணீர் கசக்கிறதா, எதற்கும் ஊர்க்காரர்கள் தோட்டத்தைத்தான் கைகாட்டுவார்கள். கேட்டுக் கேட்டு, பூச்சி என்றால் அது தங்கள் பந்தலில்தான் பிறந்திருக்கும் என்று அவர்களே நம்பத் தொடங்கிவிட்டார்கள். ஒரு வீட்டுப் பூங்கொடியிலிருந்து தன் தோட்டத்துக்குப் பூச்சி வந்திருக்கலாம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். "பரவாயில்லண்ணே" என்று சொன்னேன். ஆமாம், பரவாயில்லை என்று நான் அவரிடம் பெருந்தன்மையாகச் சொன்னேன்.

அங்கிருந்து நேராக அவர்கள் வீட்டுக்குள் போனேன். அக்கா கஞ்சிக்கு அரிசி களைந்துகொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். நர்சரியில் பார்த்த வெள்ளை, எறும்பு, பிரஷ். அழுதுகொண்டே சொன்னேன். அவர் அரிசியில் கை வைத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.

"எத்தன நாளாத் தெரியும் ஒனக்கு?"

எங்கிருந்து வந்தது என்று அவர் கேட்கவில்லை. ஏன் வந்தது என்றும் கேட்கவில்லை.

"பூ விரியுறதுக்கு முந்தியே தெரியும்க்கா."

"காய் பச்சையா இருக்கும்போது."

"ஆமாக்கா."

அவர் தண்ணீரைச் சாய்த்துக் கொட்டினார். மறுபடியும் தண்ணீர் ஊற்றிக் களைந்தார். என்னைத் திட்டியிருக்கலாம். முடியைப் பிடித்து இழுத்து நாலு வைத்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

"நான் போய் அண்ணங்கிட்டச் சொல்லிர்றேன்க்கா. இப்பவே சொல்லிர்றேன். மனசு தாங்கல."

"சொல்லக் கூடாது."

"அக்கா..."

"தன் தப்புன்னு நெனச்சுக்கிட்டு இருக்காக. அத அவுக தாங்கிக்கிருவாக. மழையில போனதத் தாங்கலயா? அது மாதிரி. கூடப் பொறந்தவ மாதிரி நெனச்ச பிள்ள, தெரிஞ்சே வாயப் பொத்திக்கிட்டு இருந்துச்சுன்னா அதத் தாங்க மாட்டாக. ஒனக்குப் பாரம் எறங்கணும்னு அங்கன கொண்டுபோய் எறக்கி வைக்காத. நீயே வச்சுக்க."

அன்று சாயங்காலமும் கஞ்சி வந்தது. வழக்கம் போலத்தான் வந்தது. நான் அதைக் குடிக்கவில்லை. கொட்டவும் மனசு வரவில்லை. தூக்குவாளி காலைவரை அடுப்பு மேடையிலேயே இருந்தது.

உள்வரிசைகளில் தப்பித்த பழம் மட்டும் கடைக்குப் போனது. மற்றதை ஜூஸ் கம்பெனி லாரியில் கேட்ட விலைக்கு ஏற்றிவிட்டார். பெருநாளுக்கு வந்த மகன், வாசலில் நின்றபடியே பந்தலை அண்ணாந்து பார்த்தான். மழைக்காலத்துக்குள் பந்தல் கம்பியை அவிழ்த்துவிடுவதாகப் பேச்சு. என் மிஷினுக்குப் பக்கத்தில் ஸ்டூல் இப்போதும் இருக்கிறது. அக்கா வருவதில்லை. கேட்டால் முட்டி வலி என்கிறார்.

பெருநாளுக்கு மறுநாள் காலை வெயில் ஏறும் முன்னால் சுவருக்கு அந்தப் பக்கம் அண்ணன் குரல் கேட்டது. முதுகில் கைத்தெளிப்பானும் தோளில் ஏணியுமாக நின்றுகொண்டிருந்தார்.

"ஏணியப் பிடி தங்கச்சி. என் பழத்துக்குத்தான் மருந்தடிக்க முடியாமப் போச்சு. இதுல திங்கிறதுக்கு ஒண்ணுமில்லல்ல, தாராளமா அடிக்கலாம்."

வேண்டாம் அண்ணே, வெட்டி எறிந்துவிடலாம் என்றேன். இளவெயில் மூஞ்சியில் அடித்ததால் கண் கலங்குகிறது என்று நினைத்திருப்பார். தோட்டத்து வாசலில் அக்கா துவைத்த துணியோடு வந்து நின்று எங்களைப் பார்த்தார். பிறகு துணிக்கொடியில் ஒவ்வொன்றாக உலர்த்த ஆரம்பித்தார்.

"வெட்டுறதாவது? எத்தன வருசத்து ஆச ஒனக்கு" என்றபடி அண்ணன் ஏணியில் ஏறினார். "என்னால வந்த கேடு, நானே சரி பண்ணித் தந்துர்றேன். கவலப்படாத. ஒரு பூவக்கூட விடாமக் காப்பாத்திருவேன்."

அவர் ஒவ்வொரு இலையாகப் புரட்டிப் புரட்டி அடித்துக்கொண்டிருந்தார். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.